கூட்டு விற்பனைக்கு நெருக்குகிறார்களா? சிங்கப்பூர் கொண்டோ வீட்டுக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்திரம் என் பெயரில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை யார் விற்க முடியும்? சிங்கப்பூரில் கொண்டோமினியம் வீடு வைத்திருக்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 1999 வரை அது சரி. ஒருவர் மறுத்தாலும் மொத்த வளாகத்தை விற்க முடியாது. அந்த ஆண்டு நில உரிமை ஸ்ட்ராட்டா சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இதை மாற்றியது. இப்போது குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுப்பவரின் வீடும் சேர்ந்தே விற்பனைக்குப் போகும். இதுதான் கூட்டு விற்பனை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தில் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. மலேசிய அரசமைப்பில் இருக்கும் 13ஆம் பிரிவை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே “இது என் அடிப்படை உரிமை” என்ற வாதம் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. நிற்பவை மூன்று: நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா, கணக்கு நியாயமானதா, விற்பனையை நடத்தியவர்கள் நாணயமாக நடந்துகொண்டார்களா. உங்கள் உரிமை முழுவதும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டிய நேரம் பெரும்பாலும் கையெழுத்துக்கு முன்னால்தான் வருகிறது. விற்பனை முடிந்த பிறகு விழித்துக்கொள்பவர்களுக்குக் கிடைப்பது குறைவு.

முதலில் யார் நெருக்குகிறார்கள் என்று பாருங்கள்

எல்லா நெருக்கடியும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. நிலம் தேடும் சொத்து மேம்பாட்டு நிறுவனம் ஒன்று இருக்கும். விற்பனை நடந்தால்தான் கட்டணம் பெறும் சொத்து ஆலோசனை நிறுவனம் ஒன்று இருக்கும். மூன்றாவது வகையைத்தான் பலர் கவனிப்பதில்லை: பழைய வளாகத்தில் இரண்டு, மூன்று, பத்து வீடுகள் என்று வாங்கிப்போட்டுவிட்டு, கூட்டு விற்பனைக்காகவே காத்திருக்கும் முதலீட்டாளர்கள். இவர்களும் உங்களைப் போலவே உரிமையாளர்கள். கூட்டத்துக்கு வருவார்கள், வாக்களிப்பார்கள், குழுவில் போட்டியிடுவார்கள். ஆனால் அங்கே குடியிருப்பதில்லை. வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமோ, வயதான அம்மாவின் மருத்துவரோ மாறப்போவதில்லை. அவர்களுக்கு அது ஒரு முதலீடு.

அதில் தவறு எதுவும் இல்லை. 99 ஆண்டுக் குத்தகையில் பாதி கரைந்து, தண்ணீர்க் குழாயும் மின்தூக்கியும் ஓய்ந்துபோன கட்டடத்தில் கூட்டு விற்பனை பல குடும்பங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய கணக்கும் உங்களுடைய கணக்கும் வேறு. அது தெரிந்த பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும்.

யாரிடம் எத்தனை வீடு இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வளாகத்தைப் பராமரிக்கும் நிர்வாகக் கழகம் வைத்திருக்கும் உரிமையாளர் பதிவேட்டை, நீங்கள் உரிமையாளர் என்ற முறையில், கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். தனிப்பட்ட ஒரு வீட்டின் உரிமை விவரத்தைச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையிலும் கட்டணம் கட்டி வாங்கலாம். ஒரே நிறுவனமோ ஒரே குடும்பமோ பல வீடுகள் வைத்திருந்தால், அதை, கூட்டு விற்பனைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அசாதாரணப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

80 விழுக்காடு என்பது எதில் 80?

கட்டடம் பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் பழையது என்றால் 80 விழுக்காடு ஒப்புதல் தேவை. பத்து ஆண்டுக்குக் குறைவு என்றால் 90. பலர் நினைப்பதுபோல இது வீடுகளின் எண்ணிக்கையில் 80 அல்ல. பங்கு மதிப்பில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கையில்) 80, வீடுகளின் மொத்தப் பரப்பளவிலும் 80. இரண்டையும் தனித்தனியாகத் தொட வேண்டும். ஒன்றில் 85 வந்து மற்றொன்றில் 79.5 வந்தால் விற்பனை இல்லை.

பங்கு மதிப்பு பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. வழக்கமான வழிகாட்டுதலின்படி 50 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு 5 பங்கு, 51 முதல் 100 வரை 6, 101 முதல் 150 வரை 7, அதற்கு மேல் ஒவ்வொரு 50 சதுர மீட்டருக்கும் ஒன்று கூடும். பழைய வளாகங்களில் வேறு முறை இருக்கலாம். உங்கள் பங்கு மதிப்பு பராமரிப்புக் கட்டண ரசீதிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

ஒரு கற்பனை வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 60 சதுர மீட்டரில் 50 சிறிய வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 6 பங்கு. 160 சதுர மீட்டரில் 50 பெரிய வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 8 பங்கு. மொத்தப் பங்கு 700. மொத்தப் பரப்பு 11,000 சதுர மீட்டர். இங்கே விற்பனையைத் தடுக்க எத்தனை பேர் போதும்? பெரிய வீட்டுக்காரர்கள் 14 பேர் மறுத்தாலே 2,240 சதுர மீட்டர் வெளியே நிற்கும், பரப்பளவுக் கணக்கு 80ஐத் தொடாது. சிறிய வீட்டுக்காரர்கள் மட்டும் மறுப்பதென்றால் 24 பேர் வேண்டும், அங்கே பங்கு மதிப்பு 80க்குக் கீழே இறங்கும். ஆக, நூறு வீட்டில் 14 பேர் சேர்ந்தாலே போதும் என்கிற நிலையும் உண்டு, 23 பேர் சேர்ந்தும் முடியாத நிலையும் உண்டு. உங்கள் வளாகத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலை வேலைதான். பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் எவ்வளவு வலு இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

முதலீட்டாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். எந்த அளவு வீட்டை வாங்கினால் குறைந்த செலவில் அதிக விழுக்காடு கிடைக்கும் என்று பார்த்தே வாங்குவார்கள்.

முதல் கூட்டமும் குழுத் தேர்தலும்

கூட்டு விற்பனைக் குழு அமைக்கக் கூட்டம் கேட்பதற்கு, மொத்தப் பங்கு மதிப்பில் 20 விழுக்காடு அல்லது உரிமையாளர்களின் எண்ணிக்கையில் 25 விழுக்காடு கோரிக்கை விடுக்க வேண்டும். ஒரு முயற்சி தோற்றால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் கூட்டம் கேட்க இந்த அளவு 50 விழுக்காடாக உயரும். ஓயாமல் கதவைத் தட்டுவதைத் தடுக்க வந்த விதி இது. கோரிக்கைப் படிவத்தைப் பார்க்கக் கேளுங்கள்.

குழுவில் 3 முதல் 14 பேர் இருக்கலாம். இந்தத் தேர்தலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதுதான் மறுப்பவர்கள் செய்யும் பெரிய பிழை என்பது என் கருத்து. எனக்கு விற்க விருப்பமில்லை, நான் ஏன் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். விலை, பிரிப்பு முறை, ஆலோசகர் தேர்வு, எல்லாம் முதலில் குழுவின் அறையில்தான் உருவாகிறது. விற்க விருப்பமில்லாதவர் ஒருவராவது உள்ளே இருந்தால் கேள்விகள் கேட்கப்படும், குறிப்பேட்டில் பதிவாகும்.

போட்டியிடுபவர்கள் முரண்படும் நலன்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கூடுதல் வீடு வாங்கியிருக்கிறாரா, மனைவி, கணவர், பிள்ளைகள் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ வீடு இருக்கிறதா, ஏலத்தில் பங்கெடுக்கக்கூடிய நிறுவனத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு வேட்பாளரையும் கூட்டத்திலேயே கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வெறும் சம்பிரதாயத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஹொரைசன் டவர்ஸ் வழக்கு அதற்குச் சான்று.

லியோனி ஹில்லில் இருக்கும் ஹொரைசன் டவர்ஸை 2007ஆம் ஆண்டு 500 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்க ஒப்பந்தமானது. அந்த விலை சந்தை வேகமாக ஏறுவதற்கு முன் முடிவானது. குழுவின் ஆரம்ப உறுப்பினர்கள் இருவர், அந்தக் காலத்தில் அதே வளாகத்தில் கூடுதல் வீடு வாங்கியிருந்தார்கள், அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 510 மில்லியன் தருவதாக வந்த வேறொரு நிறுவனத்தின் ஆர்வத்தைக் குழு சரியாகப் பின்தொடரவும் இல்லை. வழக்கு படிப்படியாக மேலே போய், 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்பனையை ரத்து செய்தது. கூட்டு விற்பனைக் குழு தனக்கு விருப்பமான விலைக்குத் தள்ளிவிடும் முகவர் அல்ல, விற்க மறுத்தவர்கள் உட்பட எல்லா உரிமையாளர்களுக்கும் நம்பிக்கைக் கடமைப்பட்டது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சிறுபான்மையினர் எதிர்த்து வென்ற வழக்குகள் அதிகமில்லை. இது அவற்றில் முதன்மையானது.

பணத்தை எப்படிப் பிரிக்கப் போகிறார்கள்

அண்டை வீட்டார் இரண்டு அணியாகப் பிரிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பங்கு மதிப்புப்படி பிரிக்கலாம், பரப்பளவுப்படி பிரிக்கலாம், மதிப்பீட்டுப்படி பிரிக்கலாம், இவற்றைக் கலந்தும் பிரிக்கலாம். பொதுக்கூட்டத்தில்தான் இது பேசி முடிவாக வேண்டும்.

மேலே சொன்ன கற்பனை வளாகம் 250 மில்லியன் வெள்ளிக்குப் போகிறது என்று வையுங்கள். முழுக்கப் பங்கு மதிப்புப்படி என்றால் சிறிய வீட்டுக்கு சுமார் 2.14 மில்லியன், பெரிய வீட்டுக்கு 2.86 மில்லியன். முழுக்கப் பரப்பளவுப்படி என்றால் சிறிய வீட்டுக்கு 1.36 மில்லியன், பெரிய வீட்டுக்கு 3.64 மில்லியன். பாதிக்குப் பாதி என்றால் 1.75 மற்றும் 3.25. ஒரே வீடு, ஒரே விலை. சூத்திரம் மாறியதால் சிறிய வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய 8 லட்சம் வெள்ளி வித்தியாசம். பெரிய வீட்டுக்காரருக்கும் அதே அளவுதான்.

சிறிய வீடுகளை வாங்கிக் குவித்த முதலீட்டாளர் எந்தச் சூத்திரத்துக்கு ஆதரவாகப் பேசுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடை, அலுவலகப் பகுதிகளும் கலந்த வளாகம் என்றால் இன்னும் சிக்கல். எந்த முறையைச் சொன்னாலும் “ஏன் இந்த முறை, வேறு முறைகளில் ஒவ்வொரு வகை வீட்டுக்கும் எவ்வளவு வரும்” என்று எழுத்தில் அட்டவணை கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் குறிப்பில் பதிய வையுங்கள், பிற்பாடு, ஆட்சேபங்களைக் கேட்கும் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்தில் உதவும்.

குறைந்தபட்ச விலையும் கூட்டு விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கும். அது எந்த மதிப்பீட்டின் அடிப்படையில், எந்தத் தேதியில் நிர்ணயிக்கப்பட்டது என்று பாருங்கள். சந்தை ஏறும் காலத்தில் ஓர் ஆண்டுக்கு முந்தைய விலை உங்களுக்குப் பாதகம். சந்தை இறங்கும்போது விலையைக் குறைக்க மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்திலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

மேம்பாட்டு நிறுவனம் ஏன் இந்த விலைக்கு மேல் தரமாட்டேன் என்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்தின் பயன்பாடு கூடும்போது 2022 ஆகஸ்டிலிருந்து நில மேம்பாட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். குத்தகையை 99 ஆண்டுக்குப் புதுப்பிக்கத் தனிக் கட்டணம். 2021 டிசம்பரிலிருந்து மேம்பாட்டு நிறுவனத்துக்குக் கூடுதல் வாங்குவோர் முத்திரை வரி 40 விழுக்காடு, அதில் 5 விழுக்காட்டைக் கட்டியே ஆக வேண்டும். மீதி 35 விழுக்காட்டுக்குச் சலுகை வேண்டுமென்றால் ஐந்து ஆண்டுக்குள் கட்டி விற்றாக வேண்டும். பெரிய வளாகங்களுக்கு ஏலக்குத்தகையில் (விலைப்புள்ளி கேட்டு விற்பதில்) ஆள் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் வீட்டுக் கணக்கு

முகவர் காட்டும் தாளில் ஒரு பெரிய எண் இருக்கும். அது உங்கள் கைக்கு வரும் எண் அல்ல.

உதாரணத்துக்கு 1.75 மில்லியன் வருகிறது என்று கொள்வோம். வங்கிக் கடன் பாக்கி 5 லட்சம் கழியும். மசே நிதியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுத்த தொகையும் அதற்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியும் உங்கள் மசே நிதிக் கணக்குக்கே திரும்பிப் போக வேண்டும். இது 4.5 லட்சம் என்றால் ரொக்கமாகக் கைக்கு வருவது 8 லட்சம். அப்புறம் இதே 1.75 மில்லியனுக்கு வேறொரு வீடு வாங்கப் போனால், வாங்குவோர் முத்திரை வரி மட்டும் 57,100 வெள்ளி. சட்டக் கட்டணம், வீடு மாறும் செலவு, இடைக்கால வாடகை, புது வீட்டை ஒழுங்குபடுத்தும் செலவு எல்லாம் தனி.

அடுத்து, எங்கே போய்க் குடியிருப்பது?

விற்பனை முடியும் முன்பே புது வீடு வாங்கினால், சிங்கப்பூர் குடிமகனுக்கு இரண்டாவது வீடு என்ற கணக்கில் 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி விழும். மேலே சொன்ன விலையில் அது 3.5 லட்சம் வெள்ளி. நிரந்தரவாசிக்கு 30 விழுக்காடு. கணவன் மனைவியில் ஒருவராவது குடிமகனாக இருந்தால், பழைய வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றுவிட்டுத் திரும்பக் கோரலாம். 55 வயதும் அதற்கு மேலும் ஆன, துணையில்லாத குடிமக்கள் விலை குறைந்த தனியார் வீட்டுக்கு மாறும்போது 2024 பிப்ரவரியிலிருந்து இதே சலுகை உண்டு. கூட்டு விற்பனையில் இந்த ஆறு மாதம் ஆபத்தானது. வாரியத்தில் ஆட்சேபம் வந்தால் விற்பனை இழுத்துக்கொண்டே போகும், கெடு கடந்துவிடும். உறுதியான விற்பனை ஆணை கையில் வரும் முன் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு, 2022 செப்டம்பர் 30 முதல் தனியார் வீட்டை விற்ற பிறகு 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்குப் போனால் விலக்கு. நடுத்தர வயதுக் குடும்பங்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பதினைந்து மாத வாடகையை அவர்கள் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

அண்மையில் வாங்கியவர்கள் விற்போர் முத்திரை வரியையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீடுகளுக்கு அது நான்கு ஆண்டு வரை உண்டு: முதல் ஆண்டில் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4.

கையெழுத்து

கூட்டு விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு வாரியத்தில் ஆட்சேபம் தெரிவிக்க முடியாது. ஆட்சேபம் என்பது கையெழுத்துப் போடாதவருக்கு மட்டுமே உள்ள உரிமை. “சும்மா போடுங்கள், 80 வரப்போவதில்லை” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கையெழுத்து வழக்கறிஞர் முன்னிலையில் போடப்பட வேண்டும். அந்த வழக்கறிஞர் குழு அமர்த்தியவர். அவர் ஒப்பந்தத்தை விளக்குவார், ஆனால் உங்கள் குடும்பத்தின் நிலைமைக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலை அல்ல. தனியாக ஒரு வழக்கறிஞரை ஒரு மணி நேரம் பாருங்கள். போகும் தொகையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் பெரிதல்ல.

போட்டபின் மனம் மாறினால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். இந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான். முதல் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் தேவையான விழுக்காடு சேர வேண்டும். சேராவிட்டால் அந்த முயற்சி முடிந்தது. இந்தப் பன்னிரண்டாவது மாதத்தில்தான் நெருக்கடி உச்சத்துக்குப் போகும். தொலைபேசி அழைப்புகள், மின்தூக்கியில் மறித்துப் பேசுவது, குறுஞ்செய்திக் குழுவில் வீட்டு எண்ணைச் சொல்லிக் குத்திக்காட்டுவது எல்லாம் நடக்கும்.

தனியாகப் பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். தாம்சன் வியூ வளாகத்தின் முந்தைய ஒரு விற்பனை முயற்சியில், சில உரிமையாளர்களைக் கையெழுத்துப் போட வைக்க விற்பனை முகவர் தரப்பிலிருந்து தனியே ஊக்கத்தொகை பேசப்பட்டது. மற்றவர்களுக்கு அது தெரியாது. நீதிமன்றம் அந்த விற்பனையை அனுமதிக்கவில்லை. உங்களிடம் அப்படி ஒரு பேச்சு வந்தால் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள்.

மிரட்டல் அளவுக்குப் போனால், 2014இல் வந்த துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் அண்டை வீட்டாருக்கும் பொருந்தும். வயதான உரிமையாளர் தனியாக இருக்கும் வீட்டில் யாராவது கையெழுத்து வாங்க வந்தால், பிள்ளைகளோ நம்பிக்கையான ஒருவரோ இல்லாமல் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழுது பார்க்காமல் விட்டால்

“எப்படியும் விற்கப் போகிறோம், எதற்கு இப்போது செலவு?” என்ற பேச்சு கிளம்பும். சுவர் ஒழுகும், மின்தூக்கி நிற்கும், பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்த நிதியைத் தொடமாட்டார்கள். அங்கே குடியில்லாத முதலீட்டாளருக்கு இது சுமையல்ல. வளாகம் மோசமாகத் தெரிந்தால் விற்க மறுப்பவர்களும் சோர்ந்துபோவார்கள் என்பதும் சிலருக்குத் தெரியும்.

கட்டடப் பராமரிப்பு மற்றும் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் பொதுப்பகுதிகளைப் பராமரிப்பது நிர்வாகக் கழகத்தின் கடமை. விற்பனைப் பேச்சு நடப்பதால் அந்தக் கடமை நின்றுவிடாது. படத்துடன் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், பதில் இல்லையென்றால் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்தில் ஆணை கேட்கலாம்.

ஏலக்குத்தகை

தேவையான ஒப்புதல் கிடைத்தபின் விற்பனை பொது ஏலக்குத்தகை அல்லது பொது ஏலம் மூலமாகத்தான் போக வேண்டும். அதில் ஒத்துவரவில்லை என்றால், முடிந்த நாளிலிருந்து 10 வாரத்துக்குள் தனிப்பட்ட பேச்சு மூலம் ஒப்பந்தம் செய்யலாம். ஏலக்குத்தகை முடியும் தேதிக்கான சுதந்திரமான மதிப்பீட்டு அறிக்கை கட்டாயம். அந்த அறிக்கையைப் படியுங்கள். வாங்குபவர் யார், குழுவில் இருப்பவர்களோடு ஏதாவது தொடர்பு இருக்கிறதா, இரண்டாவது அதிகபட்ச விலை கொடுத்தவர் யார், அவரோடு பேசினார்களா? பத்து வாரப் பேச்சில் என்ன நடந்தது என்பது பல வளாகங்களில் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அங்கேதான் கேள்வி அதிகம் தேவை.

வாரியத்தில் ஆட்சேபம்

குழு, 80 விழுக்காட்டைத் தொட்டதிலிருந்து 12 மாதத்துக்குள் வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் நான்கு அதிகாரத்துவ மொழிப் பத்திரிகைகளிலும் விளம்பரம் வர வேண்டும், தமிழிலும்தான். விண்ணப்ப அறிவிப்பில் உள்ள தேதியிலிருந்தே 21 நாள் கெடு ஓடத் தொடங்கிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் முகவரி நிர்வாகக் கழகத்திடம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

எந்தக் காரணங்கள் எடுபடும்? முதலாவது, பண நட்டம். அனுமதிக்கப்பட்ட கழிவுகளுக்குப் பிறகு உங்கள் பங்கு நீங்கள் வாங்கிய விலையைவிடக் குறைவாக இருந்தால் அது நட்டம். வாங்கியபோது கட்டிய முத்திரை வரி, சட்டக் கட்டண ரசீதுகளை இதற்காகத் தேடி எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைவிட லாபம் குறைவு என்பது நட்டம் ஆகாது. இரண்டாவது, வரும் பணம் வீட்டு அடமானத்தைத் தீர்க்கப் போதாது என்ற நிலை. இந்த இரண்டும் நிரூபணமானால் விற்பனைக்கு அனுமதி கிடைக்காது. சில சமயம், நட்டப்படுபவருக்குக் கூடுதலாக ஒரு தொகையைச் சேர்த்துச் சரிக்கட்டவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

மூன்றாவது, நாணயமின்மை. இங்கே மூன்று விஷயங்களை மட்டும் பார்ப்பார்கள்: விற்பனை விலை, பணத்தைப் பிரிக்கும் முறை, வாங்குபவருக்கும் உரிமையாளர் யாருக்காவதும் இருக்கும் உறவு. நாற்பது ஆண்டு வாழ்ந்த இடம், மரங்கள் நட்டு வளர்த்தது, அயலார் பாசம் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் அவை இல்லை. இதைக் கேட்டு மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. அதனால்தான் மனுவில் உணர்ச்சியை முதலில் எழுதாமல், விலையையும் பிரிப்பையும் உறவையும் பற்றி உங்களிடம் இருக்கும் ஆவணங்களை முதலில் வையுங்கள்.

ஆட்சேபம் வந்தால் வாரியம் முதலில் சமரசத்துக்கு முயலும். அங்கே பல விஷயம் தீரும்: காலி செய்யக் கூடுதல் அவகாசம், வாடகையின்றித் தங்குதல் போன்றவை. சமரசம் நடக்காவிட்டால் வாரியம் தன் விசாரணையை நிறுத்தி ஆணை இடும், குழு 14 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் மேல் விழலாம் என்பதை மறக்காதீர்கள். சுன்ஃபு வில் வளாகம் 638 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார்கள். 2017இல் அது தள்ளுபடியானது. குட்லக் கார்டன் விற்பனையிலும், 2019இல், எதிர்த்தவர்களால் தடுக்க முடியவில்லை. நீதிமன்றம் குழுவிடம் குறையே இல்லாத நடத்தையை எதிர்பார்ப்பதில்லை. குறை இருந்தால் அது விலையையோ பிரிப்பையோ பாதித்ததா என்று பார்க்கும். அதனால் சின்னச் சின்னத் தவறுகளாக இருபது எழுதுவதைவிட, பணத்தைத் தொட்ட ஒரே ஒரு பெரிய தவறை ஆதாரத்தோடு காட்டுவது வலு.

விற்பனை உறுதியாகிவிட்டால்

எதிர்த்தவரும் கையெழுத்துப் போட்டவரும் அதே சூத்திரப்படிதான் பணம் பெறுவார்கள். மறுத்ததற்காக யாரும் உங்கள் பங்கைக் குறைக்க முடியாது. விற்பனைப் பதிவு முடிந்து, காலி செய்யும் தேதி வரை ஒரு சிறு விழுக்காட்டுத் தொகையை நிறுத்தி வைப்பது வழக்கம். வாடகைக்கு விட்டிருந்தால் குத்தகை ஒப்பந்தத்தில் கூட்டு விற்பனைக்கான வெளியேறும் விதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இல்லாவிட்டால் வாடகைதாரருக்கு இழப்பீடு உங்கள் கையிலிருந்து போகும். மசே நிதிக் கழகத்துக்கும் வங்கிக்கும் குழுவின் வழக்கறிஞர் மூலமாகத் தொகை போய்ச் சேரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். புது வீட்டுக்கான முன்பணத்தை அந்தத் தேதிக்குப் பிறகு வைத்தால் இடையில் கடன் வாங்க வேண்டியிருக்காது.